எத்தனை பாத்திரம் வந்தாலும்

அந்த ஸ்டூலைச் சுவரோரம் இழுத்துப் போட்டு உட்காருங்கம்மா. தண்ணீர் இந்த வழியாகத்தான் ஓடும், சேலை நனைந்துவிடும். நான் இந்தக் குண்டாக்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டே பேசுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வாய் பேசினால் அது கண்டுகொள்ளாது. கை நின்றால்தான் கத்தும்.

எது என்றா கேட்கிறீர்கள்? அதோ, எதிர்ச் சுவரில் டிவி மாதிரி மாட்டியிருக்கிறதே, மேலே ஒரு கேமராவோடு, அதுதான். உங்கள் மகள் மாட்டியது.

எங்கள் சூப்பர்வைசர் தங்கராசு அண்ணன் உங்களைக் கூட்டிக்கொண்டு வந்து, "நாகமணி, இவங்க நம்ம சங்கவி மேடத்தோட அம்மா, நாமக்கல்லுல இருந்து வந்திருக்காங்க. மேடம் மீட்டிங்ல இருக்காங்களாம். அதுமுட்டும் இங்க உக்காந்திருக்கட்டும்" என்றதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்புறம், கை ஓடாவிட்டால் அது கத்துமே என்று கையை மட்டும் ஓடவிட்டேன். சிரிக்கிறீர்கள். மேடமும் இப்படித்தான், சிரித்தால் கண் சின்னதாகிவிடும்.

காப்பி சூடு போதுமா? ஹாஸ்டல் பிள்ளைகளுக்குப் போடுகிற காப்பிதான், சர்க்கரை தூக்கலாக இருக்கும்.

இந்த ஈரமா? இல்லைங்கம்மா, இது கழுவுகிற தண்ணீர் இல்லை. மெஸ்ஸில் பாத்திரம் கழுவுகிற இடத்தில் வேலை செய்கிறவள், ரவிக்கை நனையத்தான் செய்யும் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். அதுவும் நல்லதுக்குத்தான். இது பால். காலை ஏழு மணிக்குப் பிள்ளையைக் காப்பகத்தில் விட்டதில் இருந்து கட்டிக்கொண்டு நிற்கிறது. இப்போது மணி பதினொன்றரை. நீங்கள் ஒரு பெண்ணைப் பெற்று வளர்த்தவர், உங்களிடம் சொல்வதற்கு என்ன. அண்ணன் இந்தப் பக்கம் வந்தால் மட்டும் ஜாடை காட்டுங்கள், முந்தானையை இழுத்து விட்டுக்கொள்கிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உங்கள் மகள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. தங்கமான மனசு. என்னை இந்தக் காலேஜில் "வாங்க, போங்க" என்று கூப்பிடுகிற படித்தவர் அவர் ஒருவர்தான். குறை சொல்வதற்காகப் பேசுகிறேன் என்று நினைத்துவிடக் கூடாது. நீங்கள் கேட்டதனால் சொல்கிறேன். நான் இவ்வளவு பேசுகிறவளே இல்லை, வேலாத்தாக்காவைக் கேட்டுப் பாருங்கள். அதோ குழாயடியில் குனிந்திருக்கிறாரே, அவர்தான். காது கொஞ்சம் மந்தம், ஆனால் தன்னைப் பற்றிப் பேசினால் மட்டும் நன்றாகக் கேட்கும்.

ஆடி நோம்பி முடிந்த வாரம் மேடம் இங்கே வந்தார். "இங்க பாத்திரம் அடுக்கறதுல யாரு கெட்டி?" என்று கேட்டார். எல்லோரும் என்னைக் கையைக் காட்டிவிட்டார்கள். நான் அந்தத் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். என்னமோ பாத்திரம் காணாமல் போய்விட்டது, விசாரணைக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். மேடம் நீங்கள் உட்கார்ந்திருக்கிற இதே ஸ்டூலில்தான் உட்கார்ந்தார்.

"நாகமணி, அஞ்சு பாத்திரம் கன்னாபின்னான்னு குவிஞ்சு வருதுன்னு வைங்க. எப்படி அடுக்குவீங்க?"

செய்து காட்டினேன்.

"பத்து வந்தா?"

"அதே மாதிரித்தானுங்க."

"நூறு வந்தா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதே மாதிரித்தானுங்க மேடம். நேரம் எச்சாகும், அவ்வளவுதானுங்க."

அவர் துள்ளிக் குதிக்காத குறை. "அதேதான்! எனக்கு அதுதான் வேணும்" என்றார். அப்புறம் உட்காரவைத்து விளக்கினார். கம்ப்யூட்டருக்கு ஐந்து பாத்திரம் கொடுத்தால் யோசித்து ஒரு வழி கண்டுபிடிக்குமாம். ஆறு கொடுத்தால் பழையதை மறந்துவிட்டு மறுபடியும் முதலில் இருந்து யோசிக்குமாம். நூறு கொடுத்தால் நாள் முழுக்க யோசித்துக்கொண்டே நிற்குமாம். ஒவ்வொரு தடவையும் புதுசாக யோசிக்காமல், எத்தனை வந்தாலும் எப்படி வந்தாலும் செல்லுகிற மாதிரி ஒரே ஒரு வழியை அதுவாகவே கண்டுபிடிக்கவேண்டும், அதுதான் மேடத்தின் ஆராய்ச்சி. உலகத்தில் பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் அதற்காக மண்டையை உடைத்துக்கொள்கிறார்களாம்.

"உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியுது?" என்று கேட்டார்.

"கடலைக்காய் தொலிக்கிறதுக்கு ஒரு படிக்கு ஒரு வழி, ஒரு மூட்டைக்கு ஒரு வழியா இருக்குதுங்க மேடம்?" என்றேன். அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டார். எட்டாவதோடு நின்ற நான் சொன்னதை ஒரு டாக்டர் பட்டம் வாங்கினவர் நோட்டில் எழுதுகிறார். அன்றைக்கு வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவர் போர்வெல் லாரியில் வடக்கே போயிருக்கிறார். "பாத்து, அப்பறம் உன்னையே தூக்கிட்டுப் போயி மியூசியத்துல வெச்சுருவாங்க" என்றார்.

இருங்கள், சத்தம் வந்துவிட்டது. நடுவில் ஒரு சாம்பார் வாளியை எடுக்கச் சொல்கிறது. ம்... ஆயிற்று. படம் காட்டுகிறது பாருங்கள், எதை எடுக்க, எங்கே வைக்க என்று. "கை 1" என்று போட்டிருக்கிறதே, அது நான். "கை 2" வேலாத்தாக்கா. இதற்கு என்று ஒரு இயந்திரக் கை வரப்போகிறதாம். கப்பலில் வருகிறதோ என்னமோ, இன்னும் வந்து சேரவில்லை. அதுவரைக்கும் எங்கள் கையை வைத்து ஓட்டிப் பார்க்கிறார்கள்.

எங்கே விட்டேன்? நோட்டில் எழுதினதில். அப்புறம்தான் படம் எடுத்தது.

ஒரு வாரத்துக்கு மேல் மேடம் என் கையைப் படம் எடுத்தார். பதினொரு தடவை. ஒரு நாள் ஐந்து பாத்திரம், ஒரு நாள் ஒன்பது, ஒரு நாள் இருபது. என்ன நடக்கிறது என்று பக்கத்திலேயே உட்கார்ந்து எழுதிக்கொண்டார். "இந்தக் கம்ப்யூட்டருக்கு மூணே மூணு விஷயம்தான் தெரியும் நாகமணி. எது மேல எது இருக்கு, எது எதை விடப் பெருசு, கை காலியா இருக்கா இல்லையா. வேற ஒண்ணும் தெரியாது, பாவம்" என்றார். அந்தப் "பாவம்" எனக்குப் பிடித்திருந்தது. ஒரு சின்னப்பிள்ளையைச் சொல்கிற மாதிரி சொன்னார்.

என் பிள்ளையைப் பற்றி இன்னும் சொல்லவில்லை, பாருங்கள். மிதுனா. எட்டு மாதம். இந்தக் காலேஜ் காப்பகத்தில்தான் விடுகிறேன், லைப்ரரிக்குப் பின்னால் இருக்கிறது. பாட்டிலை வாயில் வைத்தால் துப்புகிறாள். பாலாடையில் ஊற்றினால் கழுத்து வழியாக வழியவிடுகிறாள். நானே வேண்டும். காப்பகத்துப் பரிதாக்கா சேர்க்கும்போதே சொல்லிவிட்டார், "ஒரு வயசு ஆகலை, பாட்டிலும் எடுக்கலை, பத்து மணிக்கு ஒருக்கா, ஒரு மணிக்கு ஒருக்கா நீ வந்து பால் குடுத்தாத்தான் வச்சுக்குவேன்" என்று. முன்னெல்லாம் அது ஒரு சிரமமே இல்லை. பத்து மணிக்குப் பாத்திரம் குவிந்து கிடந்தால் கிடக்கட்டும் என்று போட்டுவிட்டு ஓடுவேன், இருபது நிமிடத்தில் வந்துவிடுவேன், வந்து வெசயாகச் செய்து முடித்துவிடுவேன். யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது.

படம் எடுத்த முதல் இரண்டு நாளும் அப்படித்தான் போனேன். பாதிப் பாத்திரம் தரையில், பாதி அடுக்கில். எழுந்து போய்ப் பால் கொடுத்துவிட்டு வந்து மீதியை அடுக்கினேன். மேடம் அவர் பாட்டுக்குப் போன் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தங்கராசு அண்ணன்தான் பிடித்துக்கொண்டார்.

"ஏனம்மிணி, அத்தாப்பெரிய மேடம் உனக்காக உக்காந்திருக்காங்க, நீ பாட்டுக்குப் பாதீல எந்திரிச்சுப் போற. ஆளும் பேரும் பாத்தா என்ன நெனப்பாங்க? மெஸ்ஸுக்காரி மருவாதி தெரியாதவன்னு எனக்கல்ல கெட்ட பேரு?"

எனக்கு மானம் போய்விட்டது. சரிதானே, வீட்டுக்கு ஒறம்பரை, விருந்தாளி வந்து உட்கார்ந்திருக்கும்போது பாதியில் எழுந்து போவோமா? மூன்றாம் நாளில் இருந்து பல்லைக் கடித்துக்கொண்டு மொத்தத்தையும் முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். நெஞ்சு கல்லாகக் கனக்கும். கை மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். மீதி ஒன்பது தடவையும் அப்படித்தான். பார்க்கிறவருக்கு அழகாக இருக்கவேண்டும் என்று, மரியாதைக்காகச் செய்தது.

கடைசி நாள் எல்லோரையும் கூட்டிவிட்டார். வார்டன் சார், தங்கராசு அண்ணன், மேடத்திடம் படிக்கிற ஐந்தாறு பையன்கள். இதே இடத்தில் லேப்டாப்பை ஒரு அண்டா மேல் வைத்துக் காட்டினார். அது நாலே வரி எழுதியிருந்தது. மேலே ஒன்றும் இல்லாத பாத்திரமாகப் பார்த்து எடு. தரையில் வை. எல்லாம் தரைக்கு வந்ததும் பெரியதில் இருந்து சின்னதுவரை ஒன்றுக்குள் ஒன்று போடு. பாத்திரம் மிச்சம் இருக்கிற வரைக்கும் நிறுத்தாதே. அவ்வளவுதான். நாலு வரியில் என் வேலை முடிந்துவிட்டது. ஆயிரம் பாத்திரத்துக்கும் அது செல்லுமாம்.

ஒரு பையன் கேட்டான், "மேம், மொத ரெண்டு வீடியோல அவங்க நடுவுல எந்திரிச்சுப் போறாங்களே?"

மேடம் சொன்னார், "குட் கொஸ்டின். போறப்போ கை காலி. வர்றப்போ கை காலி. எந்தப் பாத்திரமும் நகரலை. அப்போ இதைப் பொறுத்தவரைக்கும் அங்க ஒண்ணுமே நடக்கலை. மத்த ஒன்பதுலயும் அந்த மாதிரி இல்லவும் இல்ல. அதனால தேவையில்லாததுன்னு அதுவாவே தெரிஞ்சு விட்டுருச்சு பாருங்க. நான் சொல்லித் தரவே இல்ல."

பையன்கள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். எல்லோரும் தட்டும்போது நான் மட்டும் எப்படிச் சும்மா நிற்பது.

அப்புறம் மேடம் என் பக்கம் திரும்பினார். "இதுல ஏதாவது விட்டுப்போச்சா நாகமணி? நீங்கதான் சொல்லணும். உங்களை விட யாருக்குத் தெரியும்?"

கேட்டாருங்கம்மா. கேட்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். எல்லோர் கண்ணும் என் மேல். வார்டன் சார் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். அத்தனை ஆம்பிளைகளுக்கு நடுவில் நான் என்னவென்று சொல்வது? பால் கொடுக்கப் போவேன், அது விட்டுப்போயிற்று என்றா? "இல்லைங்க மேடம்" என்றேன்.

அந்த ஒரு சொல். அதைத்தான் தினம் நினைத்துக்கொள்கிறேன். தப்பு முழுக்க என் பேரில்தான்.

அடுத்த திங்கட்கிழமை இந்தப் பெட்டியை மாட்டினார்கள். முதல் நாள் நன்றாகத்தான் இருந்தது, சொல்கிறபடி செய்தால் போதும், யோசிக்கவேண்டியதே இல்லை. பத்து மணி ஆனது. தரையில் பாத்திரம் இருக்கிறது. தீரட்டும், போகலாம் என்று பார்த்தேன். தீர்வதற்குள் இரண்டாவது ஹாஸ்டல் வண்டி வந்தது. அதைத் தீர்ப்பதற்குள் மூன்றாவது. பாத்திரம் எப்போது தீருமுங்கம்மா? மூன்று ஹாஸ்டல், ஆயிரத்துச் சொச்சம் பிள்ளைகள். முன்னாலும் தீர்ந்ததில்லை, நான்தான் தீராதபோதே எழுந்து போய்க்கொண்டிருந்தேன். எழுந்து நாலடி வைத்தேன், சிவப்பு விளக்கு எரிந்து வீல் என்று கத்தியது. கத்தினால் வேலாத்தாக்காவுக்கும் அடுத்த படம் வராது, அவரும் நின்றுவிடவேண்டும். அண்ணன் போனிலும் கத்தும். வார்டன் ஆபீசிலும் கத்துமாம்.

அண்ணன் ஓடி வந்தார். கெட்டவர் இல்லை, அவருக்கும் மூன்று பிள்ளைகள். "பாப்பாவுக்குத்தானே போற, நானா வேண்டாங்கறேன்? இதுல போறதுக்குன்னு ஒரு பட்டனே இல்லியே அம்மிணி" என்று என்னிடமே காட்டினார். உண்மைதான், இல்லை.

வேலாத்தாக்காதான் விடவில்லை. "என்ற மாமியா ஒரு ராட்சசி. அவகூட என்னைய ஒண்ணுக்குப் போக வுட்டா. உன்ற கைய வெச்சுப் பண்ணுன மிசினு வுடமாட்டீங்குது. ஏன்டி, நீ படம் புடிச்ச அத்தன நாளும் ஒருக்காக்கூடவா ஒண்ணுக்குப் போகுல? என்ன பொறப்புடி நீ?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே துடைத்தேன்.

ஆனால் வழி கண்டுபிடித்ததும் அவர்தான். அந்தக் கேமராவுக்குத் தூணுக்குப் பின்னால் தெரியாது. ஒரு நாள் பத்து மணிக்கு, "இக்கட்ட தள்ளுடி போசியெல்லாம்" என்று தூணுக்குப் பின்னால் மொத்தப் பாத்திரத்தையும் காலால் தள்ளினார். பச்சை விளக்கு எரிந்தது. 'முடிந்தது' என்று எழுத்து வந்தது. ஓடினேன் பாருங்கள், செருப்புக்கூடப் போடவில்லை. மிதுனா அன்றைக்குக் குடித்த மாதிரி என்றைக்கும் குடித்ததில்லை, மூச்சுவிடக்கூட வாயை எடுக்கவில்லை.

நாலு நாள் அப்படி ஓட்டினோம். ஐந்தாம் நாள் மத்தியானச் சாப்பாட்டுக்குச் சோறு போடுகிற அன்னக்கூடை போதவில்லை. நாலு நாளாகத் தள்ளினது எல்லாம் தூணுக்குப் பின்னால் சேர்ந்து கிடந்தது, எனக்கு அதை எடுக்கச் சொல்லிப் படமே வரவில்லை. படம் வராமல் எடுத்தாலும் அது கத்துகிறதே. பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நிற்கிறார்கள். வார்டன் சார் தங்கராசு அண்ணனைப் பேசின பேச்சு இங்கே வரைக்கும் கேட்டது. சாயந்தரம் மேடம் வந்து பார்த்தார். அண்ணன் முகம் செத்துப்போய் நிற்கிறார், நாங்கள் இருவரும் சுவரோடு சுவராக நிற்கிறோம். மேடம் திட்டவே இல்லைங்கம்மா. தூணைச் சுற்றிச் சுற்றி வந்தார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"கண்ணுக்குத் தெரியாத பாத்திரம்! இப்படி ஒண்ணு வரும்னு நான் யோசிக்கவே இல்லியே. எவ்ளோ அழகான கேஸ்! தேங்க்ஸ் நாகமணி, தேங்க்ஸ் பாட்டி" என்றார். பாட்டி என்றதற்கு வேலாத்தாக்கா இன்றைக்கு வரைக்கும் கோபம். மறுநாள் தூணுக்குப் பின்னால் இன்னொரு கேமரா வந்துவிட்டது. தெரியாத இடத்தையும் போய்ப் பார்க்கவேண்டும் என்று ஐந்தாவதாக ஒரு வரியும் அதற்குச் சேர்ந்துவிட்டது. இப்போது 'முடிந்தது' என்று வருவதற்கு முன்னால் தூணைச் சுற்றி ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்கிறது.

இந்த அன்னக்கூடையை மட்டும் உள்ளே வைத்துவிடுகிறேன்... ம்.

மேடத்திடம் சொல்லாமலே இருந்துவிட்டு இப்போது என்னிடம் அழுகிறாளே என்று நினைக்காதீர்கள். சொல்லப் போனேன். போன செவ்வாய்க்கிழமை, மூன்று மணிக்கு வேலை முடிந்து மிதுனாவைக் காப்பகத்தில் இருந்து எடுத்துக்கொண்டு, நேராக மேடத்தின் லேப்புக்கே போனேன். மூன்றாவது மாடி. வாசலில் செருப்பை விட்டுவிட்டு நின்றேன். ஏசி அடித்தது, பிள்ளைக்கு உடம்பு சிலிர்த்தது. உள்ளே பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

மேடம் எழுந்து ஓடி வந்தார். "ஐயோ, வாங்க, செருப்பெல்லாம் எதுக்கு விட்டீங்க? இது உங்க பொண்ணா? என்ன கண்ணு இது, முழிக்கிறதைப் பாரு!" என்று கன்னத்தைக் கிள்ளினார். அப்புறம் என்னைக் கூட்டிக்கொண்டு போய்ப் பெரிய திரையில் காட்டினார். என் கை. முகம் கிடையாது, கை மட்டும். வலது கையில் இதோ இந்த எண்ணெய்ச் சூட்டுத் தழும்பு, அதுகூட இவ்வளவு பெரியதாகத் தெரிகிறது. "அடுத்த மாசம் ஜெர்மனில ஒரு கூட்டம் நாகமணி. உங்க கை அங்க போகுது" என்றார். என் வீட்டுக்காரர் வடக்கே போனதே தூரம் என்று இருந்தேன்.

மனசைத் திடப்படுத்திக்கொண்டு ஆரம்பித்தேன். "மேடம்... அந்தப் படத்துல... நான் எந்திரிச்சுப் போனனுங்களே... அது..."

முடிக்கவில்லை. மேடம் என் தோளில் கை வைத்தார். "அச்சோ, இத்தனை நாளா அதை நெனச்சா கவலைப்பட்டீங்க? அதை எப்பவோ வெட்டி எடுத்துட்டேன். வார்டன் சார் கேட்டாக்கூடக் காட்ட முடியாது. நீங்க நடுவுல எந்திரிச்சதா எங்கேயும் ஒரு தடயமும் இல்ல. உங்களுக்கு ஒரு கெட்ட பேரும் வராது, நான் பாத்துக்கறேன்."

எவ்வளவு நல்லவர் பாருங்கள். எனக்காக, நான் கேட்காமலே. அதற்கு மேல் நான் எப்படி, இல்லைங்க மேடம், அதைத் திரும்பப் போடுங்கள் என்பது? அந்த நேரம் பார்த்து மிதுனா என் முந்தானையைப் பிடித்து இழுக்க ஆரம்பித்துவிட்டாள். காலையில் இருந்து குடிக்காத பிள்ளை, நெஞ்சில் முட்டுகிறாள், வாயைத் திறந்துகொண்டு முகத்தை உரசுகிறாள், அந்தப் பையன்கள் எல்லாம் இருக்கிறார்கள். மேடம் சிரித்துக்கொண்டே, "பாப்பாக்குத் தூக்கம் வருது போல" என்றார்.

"ரொம்ப நன்றிங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் படியில் இறங்கி ஓடிவந்துவிட்டேன். இரண்டாவது மாடிப் படியிலேயே சுவரைப் பார்த்து உட்கார்ந்து பால் கொடுத்தேன்.

நீங்கள் மேடத்துக்கு எத்தனை மாதம் வரைக்கும் கொடுத்தீர்கள்? மூன்று வருடமா! அடேயப்பா. ஸ்கூலுக்குப் போகிறவரைக்கும் என்று சொல்லுங்கள். அதுதான், ஒரு நாள் காய்ச்சல் என்று படுத்துப் பார்த்ததில்லை அவரை.

மிதுனா இப்போதெல்லாம் மூன்று மணிக்குப் போய்த் தூக்கினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். கோபம். எட்டு மாதத்தில் என்ன கோபம் என்று கேட்காதீர்கள், இருக்கிறது. நேற்று அழுது அழுது வாந்தி எடுத்திருக்கிறாள். பரிதாக்கா பொறுமையான மனுஷி, அவருக்கே பொறுக்கவில்லை. பிள்ளையைக் கையில் கொடுக்கும்போது, "இங்க பாரு நாகமணி, எனக்கும் மேல ஆளு இருக்காங்க. பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா எம் மேல வரும். நாளைக்கும் பத்து மணிக்கு வரலை, ஒரு மணிக்கும் வரலைன்னா, மறுநாள்ல இருந்து கொண்டாராதே" என்றார். அவர் சொன்ன அந்த நாள்தான் இன்றைக்கு.

பத்து மணி போய்விட்டது. அழுகிற சத்தம் இங்கே கேட்காது. ஆனால் பத்து அடித்ததும் இது தானாகச் சுரந்துவிடுகிறது, இதற்கு யார் மணி சொல்கிறார்களோ.

ஒரு மணிக்குப் போக இன்னும் வழி இருக்கிறது. ஆனால் பன்னிரண்டரைக்கெல்லாம் மத்தியான வண்டி வர ஆரம்பித்துவிடும். அப்புறம் மூன்று மணி வரைக்கும் தலை தூக்க முடியாது. காப்பகத்தில் வேண்டாம் என்றுவிட்டால் பிள்ளையை விட ஆள் இல்லைங்கம்மா. எனக்கு அம்மா இல்லை. மாமியாருக்குக் கண் தெரியாது. வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்காரவேண்டியதுதான். நான் விட்டால் வேறு ஒருத்தி வந்து "கை 1" ஆகிவிடுவாள். அதற்கு ஆள் மாறினது தெரியாது.

வேலாத்தாக்கா சொல்கிறார், போட்டு உடைத்துவிட்டுப் போடி என்று. உங்கள் மகள் கஷ்டப்பட்டுச் செய்ததை உடைக்க எனக்கு மனசு வராது. அதுவும் என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. நான் எழுந்தால் கத்துகிறதே, அதுகூட நான் காட்டிக்கொடுத்தபடிதான் கத்துகிறது. பாத்திரம் இருக்கும்போது எழக்கூடாது என்று ஒன்பது தடவை நான்தானே காட்டினேன்.

கிளம்பாதீர்கள் அம்மா, மீட்டிங் இன்னும் முடிந்திருக்காது. மேடம் வந்தால் இந்த வழியாகத்தான் வருவார். நீங்கள் அவரிடம் ஒன்றும் சொல்லவேண்டாம். நான் புலம்பினேன் என்று தெரிந்தால் வருத்தப்படுவார். ஒன்றும் சொல்லவேண்டாம்.

சொல்வதாக இருந்தால்... நீங்களாகவே சாப்பிடும்போது பேச்சுவாக்கில் கேட்கிற மாதிரி கேட்டால், ஒன்று மட்டும் கேளுங்கள். நான் இதை நிறைய யோசித்துப் பார்த்துவிட்டேன். அதன் மேல் தப்பில்லை. அதற்குப் பாத்திரம் தெரியும், பெரியது சின்னது தெரியும், கை காலியா என்று தெரியும். பிள்ளை என்றால் அதற்குத் தெரியாது. தெரியாததை அதனிடம் சொன்னால் அது என்ன செய்யும்? அதற்குத் தெரிந்த மாதிரி சொல்லவேண்டும். அதனால் என் பிள்ளையையும் ஒரு பாத்திரம் என்றே அதில் எழுதிக்கொள்ளட்டும். பேர் வேண்டாம். எனக்கு அதில் ஒன்றும் மனக்குறை இல்லை. லைப்ரரிக்குப் பின்னால் ஒரு சின்னப் பாத்திரம் இருக்கிறது, கேமராவுக்குத் தெரியாது, ஆனால் இருக்கிறது. தெரியாத இடத்தையும் போய்ப் பார்க்கிற வரிதான் இப்போது சேர்த்துவிட்டார்களே. அந்தப் பாத்திரம் பத்து மணிக்குக் காலியாகிவிடும், ஒரு மணிக்கு மறுபடியும் காலியாகிவிடும். அது காலியாக இருக்கிற வரைக்கும் இங்கே எத்தனை அடுக்கினாலும் 'முடிந்தது' என்று வரக்கூடாது. அப்படி எழுதினால் அதற்குப் புரிந்துவிடும், புரிந்தால் அதுவே என்னை...

இருங்கள். அண்ணன் கூப்பிடுகிறார். வர்றேனுங்கண்ணா! முதல் வண்டி அதற்குள் வந்துவிட்டதாம், அந்தப் பக்கம் வரச் சொல்கிறார். இதோ வர்றேனுங்க! அம்மா, மறந்துவிடாதீர்கள், நாலு வரிகூட வேண்டாம், ஒரே வரி போதும், அது காலியாக இருந்தால் கை ஒன்று போய் அதை எடுத்து, மடியில்...